முதல் போன்சாய்க்கு எந்த மரம்? தமிழகச் சமவெளிக்கு ஏற்ற எளிய இனங்களைத் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

ஆழமற்ற தொட்டியில் குட்டையாக வளர்க்கப்படும் மரமான போன்சாயை வளர்க்க விரும்பி இணையத்தில் தேடுகிறவரின் கண்ணில் முதலில் படுவது ஜூனிபர் என்னும் ஊசியிலை மரம். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்படும் கையேடுகள் பலவும் தொடக்கநிலையினருக்கு அதையே பரிந்துரைக்கின்றன. அந்த ஊர்களுக்கு அது பொருத்தமான யோசனையும்கூட. ஆனால் ஜூனிபருக்கு ஆண்டுதோறும் சில மாதங்கள் நல்ல குளிரில் உறங்கிக் கிடக்கும் ஓய்வு தேவை. சென்னையின் மார்கழி இரவோ மதுரையின் தை மாத விடியலோ அந்தக் குளிரைத் தருவதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஜூனிபரின் வேர் செத்த பிறகும் அதன் இலை பல வாரங்கள் பச்சையாகவே இருக்கும். வாங்கியவர் மரம் நலமாக இருப்பதாக நம்பி நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். இலை பழுப்பேறும்போதுதான் உண்மை தெரியவரும். தமக்குக் கைராசி இல்லை என்று முடிவுகட்டிப் பலர் போன்சாயைக் கைவிடுவது இப்படித்தான்.

ஜப்பானியர்கள் பைனையும் ஜூனிபரையும் மேப்பிளையும் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம், அவை அவர்களது மலைகளில் தாமாகவே வளர்ந்தவை என்பதுதான். 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவைவிட்டு வெளியேறிய தோட்டக்காரர்கள் 1925இல் சைத்தாமா மாநிலத்தில் உருவாக்கிய ஓமியா போன்சாய்க் கிராமத்தில் இன்றும் அந்த மரங்களே முதன்மை பெறுகின்றன. வெப்பமான தைவானின் கலைஞர்களோ தங்கள் மண்ணில் செழிக்கும், ஆலமரத்தின் உறவான இச்சி மரத்தில் தேர்ச்சி பெற்றார்கள். நாமும் அதையே செய்யலாம். யாரும் நீர் ஊற்றாமலே நம் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் மதில் இடுக்கிலும் பிழைத்துக்கொள்கிற மரங்களிலிருந்தே முதல் போன்சாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. அவ்வாறு தேர்ந்தெடுப்பதற்கான படிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்படி: மரத்துக்கு முன் இடத்தைப் பாருங்கள்

போன்சாய் வரவேற்பறையை அலங்கரிக்கும் பொருள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். விருந்தினர் வரும் நாளில் உள்ளே எடுத்து வைக்கலாம். மற்ற நாட்களில் அதன் இடம் மொட்டை மாடி, பால்கனி, முற்றம் அல்லது வெயில் விழும் சன்னல் ஓரம். ஒரு விடுமுறை நாளில் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கு ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்து, நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த மரம் என்ற கேள்விக்கான பாதி விடை அந்தத் தாளில் இருக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள் பால்கனி பார்க்கும் திசையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கிழக்குப் பால்கனிக்குக் காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கும்; போன்சாய்க்கு இதைவிட நல்ல இடம் அரிது. மேற்குப் பால்கனியில் பிற்பகல் வெயில் சுட்டெரிக்கும் என்பதால் தடித்த தோலும் சதைப்பற்றும் உள்ள இனங்களே அங்கே தாங்கும். தெற்குப் பால்கனிதான் பலரை ஏமாற்றுகிறது. ஐப்பசியிலிருந்து மாசி வரை அங்கே வெயில் தாராளமாக விழும். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நகர்ந்துவிடுவதால், மேல்தளத்தின் நிழல் பால்கனியை மூடிக்கொள்ளும். டிசம்பரில் அங்கே பூத்துக் குலுங்கிய காகிதப்பூ ஜூன் மாதத்தில் வெறும் இலையோடு நிற்பதற்கு இதுவே காரணம். வடக்குப் பால்கனி மட்டுமே இருப்பவருக்கு இச்சியைத் தவிர வேறு எதையும் என்னால் துணிந்து சொல்ல இயலாது.

மொட்டை மாடியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே சிக்கல் தளத்தின் சூடு. கத்திரி வெயில் காலத்தில் சிமெண்டுத் தரையில் நேராக வைக்கப்பட்ட ஆழமற்ற தொட்டியில் வேர்கள் வெந்துபோகும். இடுப்பளவு உயரத்தில் ஒரு மரப்பலகையோ இரும்பு அடுக்கோ, அதற்கு மேல் பாதி வெளிச்சத்தை வடிகட்டும் பச்சை நிழல்வலையோ அமைக்க முடியுமா என்று மரம் வாங்குவதற்கு முன்பே யோசித்து வைப்பது நல்லது.

இரண்டாம் படி: உங்கள் நீர் ஊற்றும் பழக்கத்தை ஒப்புக்கொள்ளுங்கள்

செடி வளர்ப்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. மண் ஈரமாக இருந்தாலும் மனம் கேட்காமல் பூவாளியைத் தூக்குகிறவர்கள் ஒரு வகை. வேலை நெருக்கடியில் மூன்று நாள் மறந்துவிட்டு நான்காம் நாள் பதறுகிறவர்கள் மற்றொரு வகை. போன்சாய்த் தொட்டியில் மண் மிகக் குறைவு என்பதால், தோட்டத்துச் செடி மன்னித்துவிடும் தவறுகளை இது மன்னிப்பதில்லை. முதல் வகையினருக்கு ஈரத்தை விரும்பும் கார்மோனா என்னும் குறுஞ்செடியும் இச்சியும் பொருந்தும். இரண்டாம் வகையினரும், அடிக்கடி வெளியூர் செல்கிறவர்களும் சதைப்பற்றுள்ள ஆப்பிரிக்க ஜேட் பக்கம் போவதே நல்லது. வீட்டில் இல்லாத நாட்களில் யார் நீர் ஊற்றுவார்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எந்த வகையினராக இருந்தாலும் ஒரு சோதனையைப் பழகிக்கொள்ளலாம். துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி, தொட்டியின் அடிவரை மண்ணில் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஈர்க்கு கருத்து ஈரமாக வந்தால் அன்று நீர் தேவையில்லை. மேல்பாதி உலர்ந்து நுனி மட்டும் ஈரமாக இருந்தால் நீர் ஊற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. கடையில் விற்கும் ஈரப்பதமானிகளைவிட எனக்கு இந்த ஈர்க்கின் மீதே நம்பிக்கை அதிகம்.

மூன்றாம் படி: மரத்திடம் எதிர்பார்க்க வேண்டிய குணங்கள்

பூவின் அழகையோ பெயரின் புகழையோ வைத்து முதல் மரத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முதலாவதாகப் பார்க்க வேண்டியது இலையின் அளவு. ஒரு முழ உயரமுள்ள மரத்தில் உள்ளங்கை அகல இலைகள் தொங்கினால், அது எத்தனை ஆண்டு வளர்ந்தாலும் மரமாகத் தோன்றாது. தொட்டியில் வைத்த நாற்றாகவே தோன்றும். கவாத்தின் (கிளைகளை வெட்டிவிடுவதன்) மூலம் இலையைச் சிறுக்க வைக்கலாம் என்பது உண்மைதான் என்றாலும், அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரே காம்பில் பல சிற்றிலைகள் வரிசையாக அமைந்த கூட்டிலை மரங்களில் கண் சிற்றிலையை மட்டும் பார்ப்பதில்லை, முழுக் காம்பையும் சேர்த்தே அளக்கும். வேம்பின் சிற்றிலை சிறியதாக இருந்தும் வேம்பு எளிய போன்சாயாக அமையாததற்கு அதன் நீண்ட இலைக்காம்பே காரணம்.

இரண்டாவது குணம், பழைய மரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும் திறன். கிளையைக் குட்டையாக வெட்டினால் வெட்டுக்குக் கீழே, இலையே இல்லாத தடித்த பகுதியிலிருந்து புதுத் துளிர் வர வேண்டும். வருகிற மரத்தில் தவறான வெட்டு ஒரு பருவத்துக்குள் மறைந்துவிடும். வராத மரத்தில் அது நிரந்தரக் குறையாகிவிடும். கற்றுக்கொள்ளும் காலத்தில் தவறான வெட்டுகள் விழத்தான் செய்யும் என்பதால், மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் குணத்துக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். வேரை வெட்டினால் தாங்குவது, வெட்டுக்காயம் விரைவில் மூடிக்கொள்வது, பூச்சி நோய்க்கு எளிதில் இரையாகாதது ஆகியவை அடுத்து வருபவை.

நான்காம் படி: இனங்களை எடைபோடுதல்

இச்சி. நர்சரிகளில் ஃபைகஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் இதன் ஏதாவதொரு வகையாகவே இருக்கும். ஆலமரத்தின் நெருங்கிய உறவான இது, விரல் நீளத்துக்குக் குறைவான தடித்த பளபளப்பான இலைகளைக் கொண்டது. மேலே சொன்ன குணங்கள் அனைத்தும் ஒருசேர அமைந்த மரம் என்பதால், ஒரே ஒரு பெயர் கேட்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். மொட்டையாக வெட்டினாலும் அடிமரத்திலிருந்து துளிர்க்கும். வேரில் பாதியை எடுத்தாலும் மீளும். ஒரு நாள் நீர் தவறினாலும், ஒரு வாரம் அடைமழையில் நனைந்தாலும் சமாளிக்கும். ஆலின் குடும்பத்துக்கே உரிய இந்தப் பிடிவாதத்தை அறிய விரும்புகிறவர்கள் சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தைப் போய்ப் பார்க்கலாம். 1989இல் வீசிய சூறைக்காற்றில் தாய்த்தண்டு சாய்ந்த பிறகும் அது விழுதுகளின் பலத்திலேயே பரந்து நிற்கிறது.

இச்சியை வெட்டும்போது வெள்ளைப் பால் வடியும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் சற்று நேரத்தில் நின்றுவிடும். கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும் என்பதால் கழுவிவிடுவது நல்லது. வடிவம் திருத்த அலுமினியக் கம்பி சுற்றினால், நல்ல வளர்ச்சிக் காலத்தில் ஒன்றரை இரண்டு மாதத்துக்குள்ளேயே கம்பி பட்டையில் பதிந்துவிடக்கூடும். இரு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இளம் இலைகள் நடுநரம்போடு மடிந்து, பிரித்துப் பார்த்தால் உள்ளே நூல் நுனி அளவில் கரிய பூச்சிகள் ஓடுவது இம்மரத்தில் அடிக்கடி காணும் தொல்லை. மடிந்த இலைகளைக் கிள்ளி உறையில் போட்டு அப்புறப்படுத்திவிட்டு, மாலை வேளையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கிழங்கு போலப் பருத்த வேர்களின் மேல் சிறிய தலை ஒட்டப்பட்ட ஜின்செங் வகையும் இச்சியே. நீர் ஊற்றக் கற்றுக்கொள்ள அது போதும். ஆனால் பருத்த வேரையும் ஒட்டுத்தழும்பையும் மறைக்க வழியில்லாததால் உருவம் அமைக்கக் கற்றுக்கொள்ள உதவாது. காசே செலவழிக்காமலும் ஓர் இச்சி கிடைக்கக்கூடும். பறவைகள் எச்சமிட்ட இடங்களில், அதாவது கைப்பிடிச் சுவர் விரிசலிலும் கழிவுநீர்க் குழாய் இடுக்கிலும் முளைக்கும் கன்றுகளைக் கட்டடத்தின் நலனுக்காக எப்படியும் அகற்றியாக வேண்டும். செங்கல் இடுக்கில் வளர்ந்ததால் அவற்றின் வேர் ஏற்கெனவே தட்டையாக இருக்கும். ஆழமற்ற தொட்டிக்கு அது வரப்பிரசாதம். அவற்றில் பெரும்பாலானவை இதய வடிவ இலையும் வால் போன்ற நுனியும் கொண்ட அரசாக இருக்கும். அவற்றை விட்டுவிட்டு, வால் இல்லாத சிறிய தடித்த இலை கொண்டதைத் தேடுங்கள். வீட்டில் ஆல், அரசு வகைகளை வைக்கலாமா என்று கேட்கும் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்; அந்த விவாதத்தில் எந்தத் தோட்டக்கலை அறிவும் உதவாது.

ஆப்பிரிக்க ஜேட். நர்சரியில் ஜேட் என்றே விற்கப்படும் இது, தென்னாப்பிரிக்காவின் வறண்ட புதர்க்காடுகளில் யானைகள் விரும்பி மேயும் செடி. யானை ஒடித்துப் போட்ட கிளையும் வேர் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு உயிர்ப்புள்ளது என்பதால் கவாத்துக்கு அஞ்சுவதே இல்லை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வட்ட இலைகளும், செந்நிறம் கலந்த தண்டும், ஜோடி ஜோடியாகப் பிரியும் கிளைகளும் இயற்கையிலேயே மரத்தின் சாயலைத் தந்துவிடுகின்றன. வெட்டிய கிளையை நிழலில் சில நாட்கள் காயவைத்து, வெட்டுவாய் உலர்ந்த பின் மணல் கலந்த மண்ணில் செருகினால் போதும். ஒரு மரம் வாங்கியவரிடம் ஓராண்டில் நான்கைந்து கன்றுகள் சேர்ந்துவிடும். தாகம் எடுத்தால் இலை சுருங்கித் தானே சொல்லிவிடும். இதற்கு உள்ள ஒரே எமன் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் நனைந்தால் வேர் அழுகி, தண்டு கூழாகிவிடும். அந்த இரண்டு மாதங்களும் மழை படாத கூரைக்கடியில் வைத்தாக வேண்டும். இதே தோற்றத்தில் பெரிய முட்டைவடிவ இலைகளோடு விற்கப்படும் கிராசுலா என்னும் வேறொரு ஜேட்டும் உண்டு. அது நன்றாக வளரும், ஆனால் கிளைகள் பருமனாகவும் இலைகள் பெரிதாகவும் இருப்பதால் சிறிய போன்சாய்க்கு அவ்வளவாக ஏற்றதன்று.

காகிதப்பூ. தென் அமெரிக்காவிலிருந்து வந்தாலும், நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் லாரிப் புகையையும் வறட்சியையும் தாங்கிப் பூக்கும் இதை இன்று யாரும் வெளியூர்ச் செடி என்று சொல்வதில்லை. மொட்டை மாடி வெயில் உள்ளவர்களுக்கு, அதாவது நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் உள்ளவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன். நிழலில் இலைதான் வரும், பூ வராது. பழைய வீட்டின் மதிலை இடிக்கும்போது தோண்டி எறியப்படும் தொடை பருமனான காகிதப்பூ அடிமரத்தைக் கேட்டு வாங்கிவந்தால், கிளைகளையெல்லாம் வெட்டி மணற்பாங்கான மண்ணில் நட்டு நிழலில் வைத்தால் பெரும்பாலும் துளிர்த்துவிடும். பல ஆண்டு வயதுடைய அடிமரம் ஒரே நாளில் கைக்கு வரும் வாய்ப்பு வேறு இனங்களில் எளிதில் அமையாது. கவனிக்க வேண்டியவை இரண்டு. இதன் சல்லிவேர்கள் மெலிந்தவை, எளிதில் அறுபவை. தொட்டி மாற்றும்போது வேர்ப்பந்தை உதறக் கூடாது. பெரிய வெட்டுக்காயங்களும் காய்ந்த கட்டைகளும் விரைவில் மக்கிப்போகும் என்பதால் காயத்தின் மேல் மருந்துப்பசை பூசி மூட வேண்டும். பூக்க வைக்க, மொட்டுவிடும் பருவத்துக்கு முன் இலை லேசாகத் தொய்யும்வரை நீரைக் குறைத்து, பிறகு வழக்கம்போல் ஊற்றுவதைத் தோட்டக்காரர்கள் கடைப்பிடிக்கிறார்கள்.

கார்மோனா. ஃபூகியன் டீ என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. குளிர்நாட்டுக் கையேடுகள் இதைப் பிடிவாதக்காரச் செடி என்று எச்சரிக்கும். அங்கே இதை வீட்டுக்குள் பொத்திவைக்க வேண்டியிருப்பதே அதற்குக் காரணம். நம் கரையோரப் புதர்க்காடுகளிலோ இது இயல்பாகவே வளர்கிறது, வேலிச் செடியாகவும் வைக்கப்படுகிறது. சின்னஞ்சிறு கரும்பச்சை இலை, நட்சத்திரம் போன்ற வெள்ளைப் பூ, அதைத் தொடர்ந்து சிவக்கும் காய் எல்லாம் போன்சாயின் அளவுக்கே பிறந்தவை போல அமைந்திருக்கும். இலையின் மேற்புறத்தில் உப்புத் தூவியதுபோல் தெரியும் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டு மருந்து அடித்துவிட வேண்டாம். அவை அதன் இயல்பு. காலை வெயிலும் எப்போதும் லேசான ஈரமும் இருந்தால் போதும். முற்றிலும் உலரவிட்டால் கிளை கிளையாகக் காய்ந்துபோகும். நரம்புகள் பச்சையாக இருக்க, இடையே இலை மஞ்சளித்தால் பெரும்பாலும் காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரின் விளைவாக இரும்புச்சத்து கிடைக்காமல் போயிருக்கும். முடிந்தவரை சேமித்த மழைநீர் ஊற்றி, நர்சரியில் கிடைக்கும் இரும்புச்சத்து உரத்தைச் சிறிதளவு தரலாம்.

புளியும் கொடுக்காப்புளியும் விதையிலிருந்து தொடங்க விரும்புகிறவர்களுக்கானவை. ஓரிரவு ஊறவைத்த புளியங்கொட்டை எளிதில் முளைக்கும். சிறு வயதிலேயே அழகான கரடுமுரடான பட்டை வரும். மாலையில் இலைகளைக் கூப்பிக்கொள்வதைப் பார்ப்பதற்காகவே ஒன்று வளர்க்கலாம். நாற்று அரையடி உயரும்போது ஆணிவேரைக் கத்தரித்துப் பக்கவேர்களை ஊக்கிவிட வேண்டும். ஆனால் புளி மெதுவாகத்தான் பருக்கும்; பொறுமையில்லாதவர்கள் இரண்டாம் மரமாக வைத்துக்கொள்ளட்டும். கொடுக்காப்புளி விரைந்து வளரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், வேர் முடிச்சுகளால் தனக்கு வேண்டிய தழைச்சத்தையும் தேடிக்கொள்ளும். முள் குத்தும் என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். மாதுளையையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்; குட்டை வகையில் பூவும் காயும் சிறியவையாகவே வரும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆண்டு முழுதும் மழை பெய்யும் சூழலில் வளர்ப்பவர்கள், அங்கே பெரிதும் விரும்பப்படும் ரைட்டியா ரிலிஜியோசாவைப் பார்க்கலாம். மெல்லிய காம்பில் தலைகீழாகத் தொங்கும் அதன் மணமுள்ள வெள்ளைப் பூக்களுக்கு இணை குறைவு.

அடீனியத்தைப் போன்சாய் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. பருத்த அடித்தண்டும் பகட்டான பூவும் கொண்ட அது மரத்தின் தோற்றத்தைத் தருவதில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதில் உடன்பாடே. இருந்தாலும் கடும் வெயில் அடிக்கும் மேற்குப் பால்கனியில் குறைந்த நீரில் வாழ்ந்து பூக்கும் செடி வேண்டுமென்றால் அதற்கு நிகரில்லை. அதன் பால் நச்சுத்தன்மை கொண்டது. கண்ணிலோ வாயிலோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: இப்போதைக்கு விலக்க வேண்டியவை

ஜூனிபர், பைன், ஜப்பானிய மேப்பிள் ஆகியவற்றை ஊட்டி, கொடைக்கானல் போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலையூர்களில் வசிப்பவர்கள் முயன்று பார்க்கலாம், சமவெளியில் வேண்டாம். மா, பலா, வேம்பு ஆகியவற்றின் இலைகள் அளவுக்கு அடங்குவதில்லை. ஆலும் அரசும் நம் மனத்துக்கு நெருக்கமானவைதான். ஆனால் ஆலின் இலை ஒரு சாண் வரை போகும், அரசின் இலைக்காம்பு நீளமானது என்பதால் இரண்டையும் பெரிய அளவில், அனுபவம் வந்த பிறகே வளர்க்க வேண்டும். ஃபைகஸ் பெஞ்சமினா என்னும் தொங்கிலை வகை, இடத்தை மாற்றினாலே இலைகளை உதிர்த்து உங்களைக் கலங்கடிக்கும். இலையில்லாத அளவுக்குக் கிளையை வெட்டினால் அந்தக் கிளையையே இழக்கவும் நேரும். இச்சி கேட்டு இதை வாங்கிவந்துவிடாதீர்கள்.

ஆறாம் படி: நர்சரியில் ஒரு மரத்தை எடுப்பது

வாங்குவதற்கு முன் முதிர்ந்த போன்சாய்களைச் சில மணி நேரமாவது நேரில் பார்ப்பது கண்ணைப் பழக்கும். மைசூருவில் தத்த பீட ஆசிரம வளாகத்திலுள்ள கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டம் அதற்கு ஏற்ற இடம். அங்கே வெப்பநாட்டு இனங்களை வளர்ந்த நிலையிலேயே காணலாம்.

பளபளக்கும் பீங்கான் தட்டில் ‘ரெடிமேட்’ போன்சாய் என்று வைத்திருப்பதைவிட, பிளாஸ்டிக் பையில் இருக்கும் சாதாரணக் கன்றைப் பார்ப்பது பணத்துக்கும் பயிற்சிக்கும் நல்லது. ஆந்திராவில் ராஜமகேந்திரவரத்தை அடுத்த கடியம் பகுதியிலிருந்து தென்மாநில நர்சரிகளுக்கு லாரி லாரியாக வரும் செடிகளில் நூற்றுக்கணக்கான ஃபைகஸ் கன்றுகள் இருக்கும்; அவற்றுள் ஒன்றைப் பொறுக்குவதில்தான் திறமை. முதலில் மேல்மண்ணை விரலால் ஓர் அங்குலம் விலக்கி, அடிமரம் வேராக விரியும் இடத்தைப் பாருங்கள். வேர்கள் எல்லாப் பக்கமும் சீராகப் பிரிந்திருந்தால் அந்தக் கன்று பாதி தேறிவிட்டது; ஒரே வேர் அடிமரத்தைச் சுற்றி நெரித்துக்கொண்டிருந்தால் அடுத்த கன்றுக்குப் போய்விடுங்கள். பிறகு அடிமரம் கீழே பருத்து மேலே போகப் போக மெலிகிறதா, கீழ்ப்பகுதியிலேயே கிளைகள் உண்டா என்று பாருங்கள். உயரமாகவும் நேராகவும் இருப்பது நர்சரிக்காரருக்குப் பெருமையாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது குட்டையாகவும் அடி தடித்தும் இருக்கும் கன்று.

இது முக்கியமானது, ஏனென்றால் ஆழமற்ற போன்சாய்த் தொட்டிக்குள் போன மரத்தின் அடிமரம் அதன்பின் மிக மெதுவாகவே பருக்கும். பென்சில் பருமனுள்ள கன்றை அழகிய தட்டில் நட்டுவிட்டுப் பத்தாண்டு காத்திருப்பதைவிட, பெரிய தொட்டியிலோ நிலத்திலோ இரண்டு மூன்று ஆண்டு வளர்த்துப் பருக்கவைத்து, பிறகு தட்டுக்கு மாற்றுவதே சரியான வரிசை. கடைசியாக, இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போன்ற மாவுப்பூச்சியோ, அசைக்க முடியாத பழுப்புச் செதில்களோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இலை இல்லாத கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். சாலையோர மரத்தையோ வனப்பகுதிச் செடியையோ தோண்டி எடுப்பது சட்டப்படி குற்றமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏழாம் படி: முதல் ஆண்டு

வாங்கிவந்த அன்றே தொட்டி மாற்றி, கிளை வெட்டி, கம்பி சுற்றுவதுதான் தொடக்கத்தில் மரங்களைக் கொல்லும் ஆர்வம். முதல் நான்கு வாரம் இடத்துக்குப் பழகவிடுங்கள். புதுத் துளிர் வந்த பிறகு கவாத்து. அது மீண்டும் துளிர்த்த பிறகே வேர்வேலை. நம் மரங்களுக்குத் தொட்டி மாற்ற ஏற்ற காலம் மாசி, பங்குனியில் துளிர் எழும்பும் நேரம், அல்லது ஆடிக்குப் பின் வெயில் தணிந்து மழை தொடங்கும் நேரம். கத்திரி வெயிலில் வேரைத் தொடவே கூடாது.

மண்கலவையில் செம்மண்ணை அப்படியே பயன்படுத்தினால் ஆழமற்ற தொட்டியில் அது இறுகிக் கெட்டியாகி நீர் வடியாமல் போகும். செங்கலை உடைத்து, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் வரையுள்ள சல்லியை மட்டும் சலித்தெடுத்துத் தூசியைக் கழுவி நீக்குங்கள். அதனுடன் பருமணலைச் சேர்த்து இரண்டு பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு என்பது இச்சிக்கும் காகிதப்பூவுக்கும் போதும். கார்மோனாவுக்கு ஈரம் காக்கச் சிறிது தேங்காய்நார்த் துகள் கூட்டலாம். ஜேட்டுக்கும் அடீனியத்துக்கும் உரத்தின் பங்கைப் பாதியாகக் குறைத்துச் சல்லியைக் கூட்ட வேண்டும். நீர் ஊற்றினால் சில நொடிகளில் அடித்துளை வழியே வடிய வேண்டும். மேலே தேங்கி நின்றால் கலவை சரியில்லை. ஜேட்டை வெட்டிய பிறகும் அதன் வேரைத் தொட்ட பிறகும் சில நாட்கள் நீர் ஊற்றாமல் காயம் உலரவிடுங்கள். இச்சிக்கும் கார்மோனாவுக்கும் உடனே நிறைய ஊற்றி, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள்.

மே மாதத்தில் மொட்டை மாடி மரங்களுக்குக் காலையும் மாலையும் நீர் தேவைப்படலாம்; டிசம்பரில் அதே மரத்துக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை போதுமானதாக இருக்கும். எனவே நாள் கணக்கு வைத்து ஊற்றாமல் ஈர்க்கைக் கேட்டு ஊற்றுங்கள். வளர்ச்சிக் காலத்தில் மாதம் ஒருமுறை கடலைப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து சிறு கைப்பிடியில் பாதி மண்மேல் தூவினால் போதும். அதற்கு மேல் போனால் இலைகள் பெருத்து, இத்தனை கவனமாகத் தேர்ந்தெடுத்த சிற்றிலை இனத்தின் பயன் போய்விடும். தொட்டியின் விளிம்பில் வெள்ளை உப்புப் படிந்தால், மாதம் ஒருமுறை மழைநீரையோ சுத்திகரித்த நீரையோ தொட்டி நிறைய மூன்று முறை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

முடியுமானால் ஒரே இனத்தில் இரண்டு கன்றுகளாக வாங்குங்கள். ஒன்றை வெட்டியும் வளைத்தும் பழகலாம். மற்றொன்றைப் பெரிய தொட்டியில் கத்தி படாமல் வளரவிடலாம். முதல் கன்றில் எந்த வெட்டுக்கு எங்கே துளிர் வந்தது, எந்த மாதத்தில் எத்தனை நாளில் மீண்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், அடுத்த ஆண்டு பங்குனியில் பருத்த அடிமரத்தோடு நிற்கும் இரண்டாம் கன்றில் கத்தியை எங்கே வைப்பது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.